பொரியிட்ட கையும் சிங்கப்பூர் முகமும்

தையல்நாயகி அம்மாள் துணிக்கடைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். வளைந்திருந்த மூலைகளை விரலால் தடவி நேராக்கினார். நீலப் பின்னணி, வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன். பாஸ்போர்ட்டுக்காக எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். படத்தில் இருந்த இளைஞர் நம்மை நேராகப் பார்த்தார்.

"இவன்தாம்மா என் மகன் பாஸ்கரு. சிங்கப்பூர்ல இருக்கான். இவனைக் கொண்டாந்து இங்க வைக்கணும்."

'இங்க' என்று என் கம்ப்யூட்டர் திரையில் அவர் விரல் வைத்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அது அவருடைய மகள் சுமதியின் கல்யாணப் படம். ஓமகுண்டத்துக்கு முன்னால் சுமதி கைகளைக் குவித்து நிற்கிறாள். அவள் கைக்குக் கீழே மாப்பிள்ளையின் கை. மேலே, பொரியை அள்ளிச் சொரிகிற இன்னொரு கை. பெண்ணின் உடன்பிறந்தவன் பொரியிட வேண்டும் என்பது வழக்கம். நாங்கள் லுத்தரன் குடும்பம், எங்கள் கல்யாணங்களில் பொரி கிடையாது. இந்தச் சடங்கையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஸ்டூடியோவில், மற்றவர்கள் வீட்டுப் படங்களைத் திருத்தித் திருத்தித்தான்.

படத்தில் பொரியிட்டவர் கண்ணையன். தையல்நாயகி அம்மாளுடைய கணவரின் தம்பி மகன். சுமதிக்கு அண்ணன் முறை.

"இவரை எடுத்துட்டு அவரை வைக்கணுமா?" என்று கேட்டேன்.

"மூஞ்சி மட்டும் மாத்துனாப் போதும்மா. சட்டை இருக்கட்டும்."

ஆண்டைத் தேடி

மன்னார்குடி ஸ்டூடியோவில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த கதையை இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். எந்த வருடம் என்று போடவில்லையே என்று திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தேதி இல்லாத நினைவை நானே நம்புவதில்லை. ஆனால் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பிறகுதான் வந்தது.

கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்திருந்தால் எழுத்தின் அமைப்பைப் பார்த்துக் காலம் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மானிட்டருக்குப் பின்பக்கம் ஒரு பெட்டி அளவுக்கு முதுகு இருந்தது. ஃபிளாப்பி போய் சி.டி. வந்திருந்தது. எஸ்.டி.டி. பூத்துகள் மூடத் தொடங்கியிருந்தன, ஆனால் செல்போன் இன்னும் எல்லோர் கைக்கும் வரவில்லை. எங்கள் முதலாளி லிங்கம் அண்ணன், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளரிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிவிட்டு, அதை நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் ஃபிலிம் கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போன காலம்.

மாதம் மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஆல்பம் ஆடியில் போனது.

எறும்பு ஓடுகிறது

இப்போது கைபேசியில் விரலால் தொட்டாலே ஆள் தனியாக வந்துவிடுகிறார். அன்று அப்படி இல்லை. படத்தில் எதை மாற்றுவதென்றாலும், முதலில் 'இவ்வளவுதான், இதற்கு மேல் போகாதே' என்று கம்ப்யூட்டருக்கு எல்லை வரைந்து காட்ட வேண்டும். செலக்ட் பண்ணுவது என்பது அதுதான்.

அதற்கு மூன்று வழிகள் இருந்தன. கட்டமாகவோ வட்டமாகவோ வளைப்பது ஒன்று. கயிறு ஒன்று; சுட்டியைப் பிடித்தபடி உருவத்தின் ஓரத்திலேயே போய், தொடங்கிய இடத்துக்கு வந்து முடிச்சுப் போட வேண்டும். மூன்றாவது மந்திரக்கோல். ஓரிடத்தில் தொட்டால் அதே நிறம் அக்கம்பக்கத்தில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அவ்வளவையும் பிடித்துக்கொள்ளும்.

மந்திரக்கோல் பெயருக்கேற்றபடி வேலை செய்ததென்று நான் சொல்லமாட்டேன். அதற்கு நிறம் தெரியும், ஆள் தெரியாது. நடவு வயலுக்கு முன்னால் பச்சைப் புடவையில் நின்ற ஒரு பெண்மணியைப் பிரிக்கப் போனபோது, புடவையும் நாற்றும் வரப்பில் இருந்த புல்லும் சேர்ந்து வந்தன. முகமும் கையும் மட்டும் விட்டுப்போயின.

எல்லை வரைந்து முடித்ததும், அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமான சிறு கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு லிங்கம் அண்ணன் "எறும்பு ஓடுது" என்பார். எறும்பு ஓடும்வரை உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வெளியே ஒரு புள்ளிகூட அசையாது. எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. மின்விசிறி சுழலும் சத்தம், ஃபிலிம் கழுவுமருந்தின் பழைய வாடை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே குளத்துக்குப் போகிறவர்களின் கூட்டம், உள்ளே நானும் எறும்புகளும்.

கடைசியாக விளிம்பை மசிய விட வேண்டும். வெட்டிய ஓரத்தைச் சில புள்ளிகளுக்குக் கரைத்துவிட்டால், ஒட்டியது தெரியாது. அதிகம் கரைத்தால் ஆள் பனியில் நிற்பதுபோல் ஆகிவிடும். குறைத்தால் கத்தரிக்கோல் பட்டது தெரியும். இந்த அளவை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

காற்றின் தோளில் ஒரு கை

வெளிநாட்டில் இருப்பவரைப் படத்தில் சேர்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்.

லிங்கம் அண்ணன் அதற்கு ஒரு முறையே வைத்திருந்தார். குரூப் போட்டோ எடுக்கும்போது எல்லோரையும் நிறுத்திவிட்டு, "வெளிநாட்டுக்காரருக்கு இடம் விடுங்க" என்பார். உயரம் கேட்பார். நெட்டை என்றால் பின்வரிசையில், குட்டை என்றால் முன்னால். ஜனங்களும் பழகிவிட்டார்கள். அவர் சொல்வதற்கு முன்பே ஒரு ஆள் அகலத்துக்கு ஒதுங்கி நின்றார்கள்.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர். மகன் துபாயில். அவர் இடம் விட்டதோடு நிற்கவில்லை. வலது கையைத் தூக்கி, வெற்று இடத்தின் தோள்மேல் போட்டுக்கொண்டார். அண்ணன் எவ்வளவு சொல்லியும் கையை இறக்கவில்லை. காற்றின் தோளில் கை போட்ட அந்தப் படம் என்னிடம் வந்தது. மகனுடைய படத்தைச் சாய்த்தும் உயர்த்தியும் அந்தக் கைக்குக் கீழே தோளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். விரல்களை மட்டும் கயிற்றால் பிரித்து, சட்டைக்கு மேலே வைத்தேன். படத்தை வாங்கிப் பார்த்தவர், "ம், இதுதான்" என்று மட்டும் சொன்னார்.

சுமதி கல்யாணத்திலும் குரூப்பில் பாஸ்கருக்கு இடம் விட்டிருந்தார்கள். அதில் அவரை வைத்தாகிவிட்டது. ஆனால் பொரியிடும்போது எப்படி இடம் விட முடியும்? பொரி யாராவது ஒருவர் கையிலிருந்துதான் விழ வேண்டும்.

கண்ணையன் எப்படி அங்கே வந்தார்

பாஸ்கருக்கு லீவு கிடைக்கவில்லை. பர்மிட் புதுப்பிக்கிற சமயம், இப்போது கிளம்பினால் திரும்பப் போக முடியுமா என்பது சந்தேகம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம்தான் இது முடிவானதாம். யார் பொரியிடுவது என்ற கேள்வி வந்தது. முறைக்கு இருந்தவர் கண்ணையன் ஒருவர்தான்.

ஆனால் இரண்டு வீடுகளுக்கும் பேச்சில்லை. தையல்நாயகி அம்மாளின் கணவர் வைரக்கண்ணுவுக்கும் அவர் தம்பிக்கும் மடைத் தகராறு. ஒரே வாய்க்காலிலிருந்து இருவர் வயலுக்கும் தண்ணீர் பிரிகிறது. பட்டா பிரித்தபோது மடை யார் பக்கம் என்று தெளிவாக எழுதவில்லை. தண்ணீர் தாராளமாக வந்த வருடங்களில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. தண்ணீர் குறையக் குறைய வார்த்தை தடித்தது. பிறகு வார்த்தையே நின்றது.

கண்ணையன் தானாகவே வந்து, "சுமதிக்கு நான் போடறேன் பெரியம்மா" என்றாராம். அவருடைய அப்பா தடுத்திருக்கிறார். இதை லிங்கம் அண்ணன் எனக்குச் சொன்னார், அவர் அன்று பந்தலில் கேட்டது. "போறியா, போ. காரியம் ஆனதும் உன்னை யாருன்னு கேப்பாங்க, பாத்துக்க" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார் அந்தத் தந்தை.

"அண்ணே, அப்ப இந்தப் படத்தை அவர் பாத்தா?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு எஸ்தரு. அவன் பாக்கறதுகூட பரவால்ல. அவன் அப்பன் காதுக்குப் போச்சுன்னா, இந்தப் பய இனிமே பெரியம்மா வீட்டுப் பக்கம் தலைவைக்க முடியாது."

தையல்நாயகி அம்மாளிடம் நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். குரூப்பில் பாஸ்கர் இருக்கிறாரே, போதாதா என்றேன். அவர் கோபப்படவில்லை. பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவன் அனுப்புனதுலதாம்மா பந்தல் நின்னுச்சு. பந்தல்ல அவன் இல்லை. நாளைக்கு இவ புள்ளைங்க ஆல்பத்தைப் பாத்து மாமன் எங்கன்னு கேட்டா, நான் எந்தப் பக்கத்தைக் காட்டுவேன்?"

நான் பாஸ்கரின் படத்தை எடுத்து ஸ்கேனரில் வைத்தேன்.

இடையில் தாராசுரம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். தாராசுரம் கோயிலில் கையளவுச் சிற்பம் ஒன்று உண்டு. காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும், இரண்டுக்கும் தலை ஒன்றே. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது என் அப்பா அழைத்துப்போய்க் காட்டினார். அவர் மிஷன் பள்ளியில் சரித்திர ஆசிரியர். அதைச் செதுக்கியவன் எதை முதலில் நினைத்திருப்பான் என்று கேட்டேன். கல்லைக் கேள் என்றார். விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கையால் மூடி மூடிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். மூடாமல் பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

எங்கள் ஸ்டூடியோவில் எனக்கு முன்னால் வேலை பார்த்த ரீடச்சிங்காரர் ஒருவரைப் பற்றியும் அண்ணன் சொல்வதுண்டு. நெகட்டிவ்வில் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பாராம். மாப்பிள்ளை பார்க்க அனுப்பும் படங்களில் எத்தனையோ பெண்களுக்கு அவர் மூக்கைச் சீர்செய்தாராம். ஆக, படத்தைத் திருத்துகிற ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. ஆளையே மாற்றுகிற வசதிதான் புதிது.

மூன்று ஜோடிக் கைகள்

முகத்தை மாற்றுவது ஒரு பகல் வேலையாக முடிந்தது. கயிற்றைக் கண்ணையனின் நெற்றியில் தொடங்கி, காதோரமாக இறங்கி, தாடைக்குக் கீழே சட்டைக் காலரில் முடித்தேன். பாஸ்கரின் முகத்தை அதே அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்து பொருத்தினேன். கழுத்துக்கும் தாடைக்கும் இடையே இருந்த நிழல் உதவி செய்தது.

ஆனால் அவர் பொரியைப் பார்க்கவில்லை. தங்கையையும் பார்க்கவில்லை. ஓமகுண்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, விசா அதிகாரியைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்தார். வேறு படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டனுப்பினேன். வீட்டில் இருந்தவை எல்லாம் அவர் மீசை முளைக்கும் முன் எடுத்தவை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். இமையை இறக்க முயன்றேன், தூங்கி வழிவதுபோல் ஆனது. விட்டுவிட்டேன்.

தையல்நாயகி அம்மாள் வந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு பார்வையைக் கீழே இறக்கினார்.

"கை அவன் கையாத் தெரியலையேம்மா."

முகம் குளிர்சாதன அறையில் இருந்து வந்தது. கை வைகாசி வெயிலில், கோடை உழவிலிருந்து வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு நிறம்.

"முகத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கவா?"

"ஐயய்ய, வேணாம். கையை வெளுத்துடு."

ஆகவே கையைச் செலக்ட் பண்ண வேண்டியதாயிற்று. மந்திரக்கோலால் தொட்டேன். கண்ணையனின் கையோடு கீழே இருந்த மாப்பிள்ளையின் கையும் சேர்ந்து பிடிபட்டது. அது பிடிக்கும் நிற அளவைக் குறைத்துத் தொட்டால், மருதாணி வைத்த சுமதியின் விரல் நுனிகள் பாதி உள்ளே, பாதி வெளியே. காற்றில் விழுந்துகொண்டிருந்த பொரிகள் வேட்டியின் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டன. கோலை வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தேன். படத்தை மிகப் பெரிதாக்கிக்கொண்டு விரல் விரலாகப் போனேன். எது அவர் விரல், எது அவள் விரல் என்று தெரியாத இடங்கள் இரண்டு மூன்று இருந்தன. தண்ணீர் வாங்கிக் குடிக்கிற கையும் ஊற்றுகிற கையும் சேர்ந்தால் எங்கே எல்லை போடுவது?

நகக்கண்ணில் இருந்த மண்ணைத் துடைத்தேன். முழங்கையருகே இருந்த வெட்டுக்காயத் தழும்பை மறைத்தேன். வெளுத்தேன். விளிம்பை மசியவிட்டேன். தஞ்சாவூர் லேபுக்கு சி.டி. போயிற்று, பிரிண்ட் பஸ்ஸில் வந்தது. ஆல்பத்தில் ஒட்டினோம்.

வாங்கிப்போக வந்தவர்

ஆடி பிறந்து சுமதி தாய்வீடு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் பாஸ்கர் போன் செய்வார், அப்போது ஆல்பம் வீட்டில் இருக்க வேண்டும், லிங்கம் அண்ணனும் நானும் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆல்பத்தை எடுத்துப்போக ஆள் வரும் என்றார்கள்.

வந்தவர் கண்ணையன்.

பிறகு யோசித்தால் அதில் ஆச்சரியமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டின் வெளிவேலை முழுவதும் அவரிடம் வந்திருந்தது. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், தவிடு, சுமதியை பஸ் ஏற்றிவிடுவது, எல்லாவற்றுக்கும் கண்ணையன்தான். தையல்நாயகி அம்மாளின் வாய் யோசிக்காமலே அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறது.

ஆல்பத்தைக் கொடுக்கும்போது வாடிக்கையாளரைப் பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லித்தான் கொடுப்பது எங்கள் வழக்கம். பிறகு புகார் வரக்கூடாது என்பதற்காக. அன்று அண்ணன் அதைச் சொல்லவில்லை. கண்ணையனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து திருப்பத் தொடங்கினார். பெண் அழைப்பு, முகூர்த்தக்கால், மாலை மாற்றுதல்.

அந்தப் பக்கம் வந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சட்டை நம்ம சட்டைதான்" என்றார். "கையைச் சலவைக்குப் போட்டீங்களா தங்கச்சி?"

அண்ணன் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா சொன்னாங்களா?"

"ஆமாங்க."

தலையாட்டினார். மிச்சப் பக்கங்களையும் விடாமல் திருப்பினார். குரூப் போட்டோவில் பின்வரிசையில் அவர் இருந்தார், அதையும் பார்த்தார். ஆல்பத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது என்னிடம் கேட்டார்:

"என்னை எடுக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சா?"

"ரொம்ப நேரம் ஆச்சுங்க" என்றேன்.

அவர் ஆல்பத்தைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு முன்னால் போனார். லிங்கம் அண்ணனின் ஸ்கூட்டரில் நாங்கள் பின்னால் போனோம். மதகு ஒன்றருகே வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தார். நாங்களும் நின்றோம். செம்மண் நிறத்தில் நுரையோடு, தண்ணீர் வாய்க்காலின் ஒரு ஓரமாக வந்துகொண்டிருந்தது. ஈர மண்வாசனை எழுந்தது.

"தண்ணி வந்துட்டு" என்று அண்ணனிடம் சொன்னார். பிறகு வண்டியை எடுத்தார்.

அப்ப கண்ணையன்?

கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூவோடு ஆல்பத்தையும் வைத்து விளக்குக்கு முன்னால் காட்டிவிட்டுத்தான் சுமதியிடம் கொடுத்தார் தையல்நாயகி அம்மாள். வைரக்கண்ணு கண்ணாடி மாட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கண்ணையன் உள்ளே வராமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

சுமதி ஒவ்வொரு பக்கத்திலும் யாரையாவது கேலி செய்துகொண்டே வந்தாள். பொரி வந்த பக்கத்தில் கேலி நின்றது. படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து நிலைப்படியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

தையல்நாயகி அம்மாளும் அப்போதுதான் நிலைப்படியைப் பார்த்தார். ஆல்பத்தைக் கொண்டுவந்தவர் யார் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, நான் யாரைப் பாக்கறேன் இதுல?" என்றாள் சுமதி. குரலை உயர்த்தவில்லை. "பொரி சூடா இருந்துச்சு, கையில விழுந்ததும் நான் நிமிந்து பாத்தேன். கண்ணையண்ணே சிரிச்சுச்சு. இதுல அண்ணன் எங்கயோ பாக்குது. நான் எதையோ பாக்கறேன்."

"விடு சுமதி" என்றார் கண்ணையன். "நல்லாத்தான் இருக்கு. பாஸ்கர் எனக்குப் பதிலா நிக்கிறான், அவ்வளவுதானே."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வைரக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன் அடித்தது. எல்லோரும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அந்த வீட்டு வழக்கம். சுமதி பட்டனை அழுத்தினாள். பாஸ்கரின் குரல் கூடம் முழுவதும் கேட்டது. நலம் விசாரித்தார். மாப்பிள்ளையைக் கேட்டார், ஆடிச் சீர் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். ஆல்பத்தைக் கேட்டார்.

"வந்துட்டு அண்ணே. நீயும் இருக்கே. எனக்குப் பொரி போடறே."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நானா? நான் அன்னிக்கு ஓவர்டைம்ல இருந்தேன்." சிரிப்பு அடங்கியது. பிறகு கேட்டார்:

"அப்ப கண்ணையன் எங்க நிக்கிறான்?"

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் மறுபடியும் கேட்டார். "சுமதி, கண்ணையன் எங்கன்னு கேட்டேன்."

தையல்நாயகி அம்மாள் எழுந்துபோய் ரிசீவரைக் கையில் எடுத்தார். ஸ்பீக்கர் நின்றது.

"இங்கதான்டா நிக்கிறான்" என்றார். "வாசல்ல நிக்கிறான். இரு."

ரிசீவரை நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணையன் நிலைப்படியைத் தாண்டி வந்து வாங்கிக்கொண்டார். முதலில் எல்லாம் "ம்", "ம்" என்றார். பிறகு மதகில் தண்ணீர் வந்ததைச் சொன்னார். நாற்றங்கால் விடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று பெரியப்பா யோசிக்கிறார் என்றார். மடையைப் பற்றி பாஸ்கர் என்னவோ கேட்டிருக்க வேண்டும். "நீ வா, வந்து எங்க அப்பாகிட்ட நீயே பேசு" என்றார். அதைக் கேட்டு வைரக்கண்ணு தலையைத் தூக்கினார். மறுக்கவில்லை.

அந்த மடைப் பிரச்சினை எப்படித் தீர்ந்தது, கண்ணையனின் அப்பா அந்த ஆல்பத்தைப் பார்க்க வந்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் நான் தஞ்சாவூருக்கு வேலை மாறினேன். தெரியாததை எழுத விரும்பவில்லை.

ஒரு படம் தனியாக

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தையல்நாயகி அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார். சமையற்கட்டில் பாயசம் அடுப்பில் இருந்தது. ஆல்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மேல்மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கிவிட்டு, அந்தப் படத்தை நகத்தால் பெயர்க்கப் பார்த்தார். கிழிந்துவிடும் என்று நான் வாங்கி மெதுவாக உரித்துக் கொடுத்தேன்.

"பழைய படம் இருக்காம்மா? போயிட்டா?"

இருக்கிறது என்றேன். கண்ணையனை அழிக்கவில்லை, அவர்மேல்தான் பாஸ்கரை வைத்தோம், மேலே இருப்பதை எடுத்துவிட்டால் அப்படியே இருப்பார் என்றேன்.

"அப்ப அதை இங்க ஒட்டிடு. ஊரு பாக்கற ஆல்பத்துல அவனே இருக்கட்டும்." பாயசத்தைக் கிண்டினார். உரித்த படம் அவருடைய இடது கையில் இருந்தது. "இதை நான் தனியா வச்சுக்கட்டுமா? யாருக்கும் காட்ட மாட்டேன்."

"உங்க படம்தாங்கம்மா" என்றேன்.

அடுப்பைத் தணித்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். பாஸ்கரின் தாடைக்குக் கீழே, காலருக்கு மேலே, விரல் நுனியை வைத்து இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனார்.

"இங்கதானேம்மா ஒட்டுனே?"

"ஆமாங்க."

இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

"தெரியலை" என்றார்.